உணவுக்குழாயில் தொடக்கநிலைப் புற்றை எண்டோஸ்கோபி வழியாக அகற்றியபின் வரும் சுருக்கம்: எப்போது, எப்படித் தடுப்பது?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 63 வயது. நான்கு ஆண்டுகளுக்கு முன் நாக்கில் வந்த புற்றுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அப்போது கதிர்வீச்சு தேவைப்படவில்லை. புகையிலையை அன்றோடு விட்டுவிட்டார். ஆண்டுதோறும் நடக்கும் தொடர் பரிசோதனையில் இம்முறை எண்டோஸ்கோபி செய்து, உணவுக்குழாயில் அயோடின் கரைசலைத் தெளித்துப் பார்த்தபோது, நடுப்பகுதியில் சுமார் 5 செ.மீ. நீளத்துக்கு நிறம் ஏறாத ஓர் இடம் தெரிந்தது. பயாப்ஸியில் செதிள்செல் புற்று, அதாவது உட்சவ்வின் தட்டையான செல்களில் தொடங்கும் புற்று, என்று முடிவு வந்தது. சிடி ஸ்கேனில் நிணநீர்க் கணுக்கள் எவையும் பெரிதாகவில்லை. புற்று மேற்படலத்தோடு நிற்பதாகத் தெரிவதால் மார்பைத் திறக்க வேண்டாம், எண்டோஸ்கோபி வழியாகவே உரித்து எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

ஆனால் புற்று குழாயின் சுற்றளவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்திருக்கிறது. புறப்படும் நேரத்தில் மருத்துவர், "புண் ஆறும்போது குழாய் சுருங்கலாம், சுருங்கினால் பலூன் வைத்து விரித்துக்கொள்ளலாம்" என்றார். அந்த ஒரு வாக்கியம் என்னை உறங்க விடவில்லை. வரக்கூடும் என்று முன்பே தெரிந்த ஒன்றை, வந்தபின்தான் பார்க்க வேண்டுமா? தடுக்க வழி உண்டா? அப்பாவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். சிகிச்சைக்கு இன்னும் 16 நாட்கள் இருக்கின்றன.

எண்டோஸ்கோபி மேசை எழுதியது:

ஐயா, கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். நான் இரைப்பை குடல் மருத்துவன். உணவுக்குழாயில் இவ்வகை உரிப்பைச் செய்பவன். உங்கள் தந்தையின் அறிக்கைகளைப் பார்க்காமல் அவருக்கு இன்ன மருந்துதான் என்று நான் சொல்வது முறையாகாது. ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் இருக்கும் செய்தியை விரிவாகச் சொல்ல முடியும்.

உணவுக்குழாயின் உட்புறத்தில் சளிச்சவ்வு என்ற மெல்லிய படலம் இருக்கிறது. அதன் அடியில் தளர்வான ஓர் அடுக்கு, அதற்கும் அடியில் தசை. இ.எஸ்.டி. என்று நாங்கள் சொல்லும் முறையில், அந்தத் தளர்வான அடுக்கினுள் ஊசி வழியாகத் திரவத்தைச் செலுத்திச் சளிச்சவ்வை உப்ப வைத்து, மின்கத்தியால் புற்றைச் சுற்றிக் கீறி, பிறகு அடியிலிருந்து மெல்ல மெல்ல அறுத்து, ஒரே துண்டாக எடுக்கிறோம். இதை ஜப்பானியர்கள் வளர்த்தெடுத்தார்கள், உணவுக்குழாய்க்கான இ.எஸ்.டி. அங்கே 2008இல் தேசிய மருத்துவக் காப்பீட்டுக்குள் வந்தது. அதற்கு முன்பிருந்த முறையில் கண்ணி போட்டு இறுக்கி அறுப்பார்கள், 2 செ.மீ.க்கு மேற்பட்ட புற்றை அப்படி ஒரே துண்டாக எடுப்பது கடினம், துண்டு துண்டாக எடுத்தால் மீண்டும் முளைக்கும் வாய்ப்பும் கூடுதல். இ.எஸ்.டி. அந்த எல்லையை நீக்கியது. பெரிய புற்றையும் எடுக்க முடிந்தது. அதனாலேயே பெரிய புண்ணும் உண்டாயிற்று. சுருக்கம் இவ்வளவு பெரிய தொல்லையாக வளர்ந்தது அதற்குப் பிறகுதான்.

இப்போது புண் ஆறும் விதத்தைப் பாருங்கள். சளிச்சவ்வு போன இடத்தில் முதல் சில நாட்களுக்கு வெண்ணிறப் படிவு மூடிய திறந்த புண் இருக்கும். வீக்கம் வரும், அதைத் தொடர்ந்து நார்ச்செல்கள் வந்து கொலாஜனை நெய்யத் தொடங்கும். இவற்றுள் சில, தசைச்செல்லைப் போலவே தம்மைச் சுருக்கிக்கொள்ளும் ஆற்றல் பெற்றவை. கையில் பட்ட தீக்காயம் ஆறும்போது தோலை இழுத்துப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே இழுப்பு ஒரு குழாயின் உள்வட்டத்தில் நடந்தால், குழாயின் வாய் குறுகும். இதற்கு எதிராக, புண்ணின் ஓரத்தில் மிஞ்சியிருக்கும் நல்ல சளிச்சவ்விலிருந்து புதிய மேற்படலம் பக்கவாட்டில் ஊர்ந்து வந்து புண்ணை மூடுகிறது. மூடல் விரைந்து முடிந்தால் இழுப்பு அடங்கும். மிஞ்சிய நல்ல சவ்வு ஒரு மெல்லிய கீற்றாக இருந்தால், மூடல் முடிவதற்குள் இழுப்பு வென்றுவிடும்.

ஆகவேதான் முக்கால் பங்கு என்ற கணக்கு இந்தத் துறையில் எல்லோர் வாயிலும் வருகிறது. சுற்றளவில் முக்கால் பங்குக்குக் குறைவாகப் புண் இருந்தால் சுருக்கம் அரிது. அதைத் தாண்டினால், தடுப்பு ஏதும் செய்யாதவர்களில் மூன்றில் இருவருக்கோ அதற்கும் மேலோ சுருக்கம் வருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முழு வட்டமும் போய்விட்டால் ஏறக்குறைய எல்லோருக்குமே வருகிறது. புண்ணின் நீளம், கழுத்துப் பகுதி உணவுக்குழாயாக இருத்தல், அறுக்கும்போது தசைக்குச் சேதம் ஏற்படுதல், முன்பு கதிர்வீச்சு பெற்றிருத்தல் ஆகியவையும் நிலைமையைக் கெடுக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: புற்று ஐந்தில் நான்கு பங்கு என்றால் புண் அதைவிடப் பெரியதாகவே இருக்கும், ஏனெனில் ஓரத்தில் சில மி.மீ. நல்ல சவ்வையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

சுருக்கம் பெரும்பாலும் இரண்டாவது வாரத்துக்கும் நான்காவது வாரத்துக்கும் இடையில் தலைகாட்டும். இவ்வளவு பெரிய புண் முழுவதும் மூடுவதற்குச் சுமார் எட்டு வாரங்கள் ஆகும். தடுப்பு மருந்து அந்தக் காலத்துக்குள் வேலை செய்தாக வேண்டும். நார் நெய்து முடித்து இறுகியபின் கொடுக்கும் மருந்துக்கு அவ்வளவு பலன் இல்லை. என் கருத்தில் இதுதான் மையச் செய்தி. பலூன் என்பது வந்த சுருக்கத்துக்கான சிகிச்சை. தடுப்பைப் பற்றிய முடிவைப் புற்றை அகற்றும் திட்டத்தோடு சேர்த்தே, அதாவது முன்கூட்டியே, எடுக்க வேண்டும்.

பொருநைக்கரை எழுதியது:

மருத்துவர் ஐயா, மிக்க நன்றி. இதுவரை யாரும் இப்படி விளக்கவில்லை. அந்தத் தடுப்பு மருந்து எது? இணையத்தில் தேடினால் ஸ்டீராய்டு என்று வருகிறது. சர்க்கரை நோயாளிக்கு ஸ்டீராய்டு என்றால் அம்மா பயப்படுகிறார். அது வேண்டாம் என்றால் முன்னெச்சரிக்கையாகச் சுருங்குவதற்கு முன்பே பலூன் போட முடியாதா?

எண்டோஸ்கோபி மேசை எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். சுருங்கும் முன்பே வாரம் இருமுறை பலூன் வைப்பதுதான் தொடக்கத்தில் வழக்கமாக இருந்தது. நாகசாகி பல்கலைக்கழகத்தார் 2011இல் வெளியிட்ட ஆய்வு அந்த வழக்கத்தை அசைத்துவிட்டது. முக்கால் பங்குக்கு மேல் புண் ஏற்பட்ட 41 பேரில் 22 பேருக்கு முன்னெச்சரிக்கையாகப் பலூன் வைத்தார்கள். 19 பேருக்குப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். பலூன் வைத்தவர்களில் 31.8 விழுக்காட்டினருக்குச் சுருக்கம் வந்தது, மாத்திரை பெற்றவர்களில் 5.3 விழுக்காட்டினருக்கு வந்தது. பலூன் வைத்த முறைகளின் சராசரி ஒரு பக்கம் 15.6, மறுபக்கம் 1.7. ஒரு மனிதர் பதினைந்து முறை பட்டினியிருந்து, மயக்க மருந்து பெற்று, அந்த மேசையில் படுத்து எழுந்திருப்பதை எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையின் பொருள் விளங்கும்.

அவர்கள் பின்பற்றிய கணக்கு இது: இ.எஸ்.டி. முடிந்த மூன்றாம் நாள் 30 மி.கி.யில் தொடங்கி, அதே அளவை இரண்டு வாரம், பிறகு 25 மி.கி. இரண்டு வாரம், அதன்பின் வாரத்துக்கு ஒன்றாக 20, 15, 10, 5 என்று குறைத்து, எட்டு வாரத்தில் நிறுத்துவது. புண் மூடுவதற்கு எட்டு வாரம் ஆகும் என்று மேலே சொன்னேன் அல்லவா, இரண்டும் பொருந்தி வருவதைக் கவனியுங்கள். இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக் கடைக்குப் போய்விடக் கூடாது. ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவதும் தனியாகத் தொடங்குவதும் ஆபத்து.

மற்றொரு வழி, ஸ்டீராய்டைப் புண்ணிலேயே ஊசியாகப் போடுவது. டிரையம்சினோலோன் என்ற மெதுவாகக் கரையும் மருந்தைப் புண்ணின் தரையில் மிஞ்சியிருக்கும் மெல்லிய அடுக்குக்குள் துளித்துளியாகப் பல இடங்களில் செலுத்துவார்கள். 2011இல் ஜப்பானில் வெளிவந்த ஓர் ஆய்வில் 3, 7, 10ஆம் நாட்களில் இப்படிப் போட்டபோது சுருக்கம் 75 விழுக்காட்டிலிருந்து 19 விழுக்காடாகக் குறைந்தது. அடுத்த ஆண்டு இன்னோர் ஆய்வில், உரிப்பு முடிந்த உடனே அதே அமர்வில் ஒரே ஒருமுறை போட்டு 66 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். இந்த இரண்டிலும் ஒப்பிடப்பட்டவர்கள் முன்பு சிகிச்சை பெற்ற பழைய நோயாளிகள் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது; ஆகவே எண்களைச் சற்றுத் தள்ளுபடியோடு வாசிக்க வேண்டும். எனினும் திசை ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது, எங்கள் அன்றாட அனுபவமும் அதையே சொல்கிறது.

ஊசியில் கைத்திறன் முக்கியம். இந்த இடத்தில் உணவுக்குழாய்ச் சுவரின் மொத்தக் கனமே சில மி.மீ. மட்டும், சளிச்சவ்வு போன பிறகு மிஞ்சுவது அதைவிடக் குறைவு. இரைப்பைக்கும் குடலுக்கும் வெளியே உறைபோல் ஒரு சவ்வு இருக்கிறது, உணவுக்குழாய்க்கு அதுவும் கிடையாது. ஊசி முனை தசைக்குள் இறங்கி மருந்து அங்கே தங்கிவிட்டால் தசை நலிந்து பிற்பாடு ஓட்டை விழலாம். ஊசியைப் புண்ணுக்குச் சாய்வாக வைத்து, தளர்வான அடுக்கு கொப்புளமாக எழும்புகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் செலுத்துவேன். கொப்புளம் எழாவிட்டால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும்.

உங்கள் தாயார் பயப்படுவதில் நியாயம் உண்டு. எட்டு வாரம் மாத்திரை என்றால் சர்க்கரை ஏறும், இன்சுலின் தேவைப்படலாம். காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் மார்பு எக்ஸ்ரே பார்க்காமலும், ஹெபடைடிஸ் பி கிருமி உடலில் உறங்கிக்கிடக்கிறதா என்று இரத்தத்தில் பார்க்காமலும் இந்த மாத்திரையைத் தொடங்கக் கூடாது. ஊசியில் உடலெங்கும் பரவும் அளவு குறைவு. ஆயினும் சில நாட்களுக்குச் சர்க்கரை உயரும், அதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். முழு வட்டமும் போகாமல் ஒரு கீற்று மிஞ்சும் நிலையில், சர்க்கரை நோயாளிக்கு ஊசி வழியை முதலில் எண்ணிப் பார்ப்பது இயல்பு. முழு வட்டம் என்றால் ஊசி மட்டும் போதுவதில்லை. மாத்திரையையோ இரண்டையும் சேர்த்தோ யோசிக்க வேண்டிவரும்.

கத்தியும் நூலும் எழுதியது:

நான் உணவுக்குழாய் அறுவை மருத்துவன். நண்பர் எழுதியவற்றை மறுக்கவில்லை, ஆனால் இதே இடத்தில் ஓர் எச்சரிக்கையைப் பதிந்துவிட விரும்புகிறேன். சுருக்கத்தைத் தடுக்க முடியும் என்ற நம்பிக்கை வளர வளர, எண்டோஸ்கோபி வழியாக எடுக்கக் கூடாத புற்றையும் எடுக்கத் துணிகிறார்கள். புற்று சளிச்சவ்வின் முதல் இரண்டு அடுக்குகளில் நின்றால் நிணநீர்க் கணுவுக்குப் பரவுவது மிக அரிது. அந்தச் சவ்வின் கடைசிப் பகுதியான மெல்லிய தசையிழையைத் தொட்டாலே ஆபத்து கூடுகிறது. அதன் கீழுள்ள அடுக்கில் 200 மைக்ரானுக்கு மேல் இறங்கிவிட்டால், கணிசமானோருக்குக் கணுக்களில் புற்று இருக்கும். அத்தகையவருக்கு எண்டோஸ்கோபி மட்டும் செய்து, அதன்பிறகு சுருக்கத்தோடு மல்லுக்கட்டி, கடைசியில் அறுவைக்கோ கதிர்வீச்சுக்கோ அனுப்பினால் நோயாளி இரட்டைத் துன்பம் படுகிறார். முழு வட்டத்தையும் பிடித்த நீண்ட புற்று என்றால் என் தராசு அறுவையின் பக்கமே சாயும்.

முழு வட்டப் புண்ணோடு வந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். வேறோர் இடத்தில் தடுப்பு எதுவும் செய்யாமல் அனுப்பியிருந்தார்கள். வரும்போது எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் கையில் ஒரு தம்ளரைப் பிடித்துக்கொண்டு அதில் உமிழ்ந்தபடியே உட்கார்ந்திருந்தார். புற்று இல்லாமல் போயிற்று என்று அறிக்கை சொன்னது, ஆனால் எடை 11 கிலோ குறைந்திருந்தது. அந்தத் தம்ளரை நான் மறக்கவில்லை.

எண்டோஸ்கோபி மேசை எழுதியது:

ஐயா சொல்வது முழுவதும் ஏற்கத்தக்கது. அதனால்தான் எடுப்பதா இல்லையா என்ற முடிவும் தடுப்பு பற்றிய முடிவும் ஒரே மேசையில் நடக்க வேண்டும் என்கிறேன். ஜப்பானிய எண்டோஸ்கோபிச் சங்கத்தின் வழிகாட்டுதலும் இதே எச்சரிக்கையோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. முழு வட்டப் புற்றாக இருந்தால், அது மேல் இரண்டு அடுக்குகளோடு நிற்பதாகத் தெரிந்து, நீளம் 50 மி.மீ.க்குள் இருந்து, சுருக்கத் தடுப்பும் சேர்த்தே செய்யப்படுமானால் மட்டும் எண்டோஸ்கோபி வழியைப் பரிந்துரைக்கிறார்கள். தடுப்பு அந்தப் பரிந்துரையின் நிபந்தனைகளுள் ஒன்று என்பதைக் கவனியுங்கள்.

ஆழத்தை முன்கூட்டியே நூற்றுக்கு நூறு கணிக்க முடியாது என்பதும் உண்மை. உருப்பெருக்கும் எண்டோஸ்கோபியில் மேற்படலத்து நுண்ணிய இரத்தக் குழாய்களின் வளைவுகளைப் பார்த்து ஊகிக்கிறோம், சில சமயம் தவறுகிறோம். எடுத்த துண்டைப் பலகையில் ஊசி குத்தி விரித்து வைத்து, மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பார்த்தபின்தான் உறுதி. எதிர்பார்த்ததைவிட ஆழமாக இருந்தால் என்ன செய்வது என்பதற்கும் விடை இருக்கிறது: ஜப்பானில் 176 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், எண்டோஸ்கோபி வழியாக எடுத்தபின் தேவைக்கேற்ப வேதிமருந்தும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்ததில், ஆழமாகப் போயிருந்தும் ஓரங்கள் தெளிவாக இருந்தவர்களில் மூன்றாண்டு உயிர்வாழ்வு 90.7 விழுக்காடு. 63 வயதில் ஒருவருடைய உணவுக்குழாயை முழுதாக எடுத்துவிட்டு இரைப்பையை மேலே இழுத்துத் தைப்பதும் சிறிய செயல் அல்ல என்பதைத் தாங்களே அறிவீர்கள்.

கத்தியும் நூலும் எழுதியது:

அறிவேன். இந்த நண்பரின் தந்தைக்கு ஒரு கீற்று மிஞ்சும் என்பதால், எண்டோஸ்கோபி வழியை நானும் தடுக்க மாட்டேன். அந்தக் கீற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அறுப்பவர் அவசரத்தில் ஓரத்தை அகலமாக எடுத்துவிட்டால் முக்கால் என்ற கணக்கு முழு வட்டமாகிவிடும்.

திசுவளர்ப்பு எழுதியது:

நான் செல் வளர்ப்பு ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். ஸ்டீராய்டு நார் நெய்வதை அடக்குகிறது. ஆனால் புண்ணை மூடுவதற்கான செல்லைத் தருவதில்லை. மூடலையே விரைவுபடுத்த முடியுமா என்று கேட்டவர்கள் டோக்கியோ மகளிர் மருத்துவப் பல்கலைக்கழகத்தார். அவர்களுடைய வழி எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது, அதனால் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்.

நோயாளியின் கன்னத்தின் உட்புறத்திலிருந்து ஒரு சிறு துண்டுச் சவ்வை எடுக்கிறார்கள். வாயின் உட்சவ்வும் உணவுக்குழாயின் உட்சவ்வும் ஒரே வகைச் செதிள்செல்கள் அல்லவா. அந்தச் செல்களை நோயாளியின் சொந்த இரத்தச் சீரத்தில் 16 நாட்கள் வளர்க்கிறார்கள். வளர்க்கும் தட்டில்தான் சூட்சுமம் இருக்கிறது. டெருவோ ஒகானோ குழுவினர் உருவாக்கிய அந்தத் தட்டின் பரப்பில், வெப்பநிலைக்கேற்பக் குணம் மாறும் ஒரு பாலிமர் பூசப்பட்டிருக்கும். 37 டிகிரியில் செல்கள் அதில் ஒட்டி வளரும். 32 டிகிரிக்குக் கீழே குளிரவைத்தால் பாலிமர் நீரை உறிஞ்சி உப்பி, செல்களைத் தானே விட்டுவிடும். நொதி ஊற்றிச் செல்களைப் பிரிக்க வேண்டிய தேவையே இல்லை. ஒன்றோடொன்று கைகோத்த நிலையில், அடியில் சுரந்த பசையோடு, முழுத் தாளாகச் செல்கள் எழுந்து வரும். கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாலாடையைவிட மெல்லியது அது. அந்தத் தாளை ஒரு தாங்கு சவ்வில் ஏந்தி எண்டோஸ்கோபி வழியாக இறக்கி, புதிய புண்ணின் மேல் ஒட்டுகிறார்கள்.

2012இல் ஒன்பது பேருக்குச் செய்ததை வெளியிட்டார்கள். புண் மூட ஆன காலத்தின் இடைநிலை அளவு மூன்றரை வாரம். ஒருவருக்கு மட்டும் சுருக்கம் வந்தது. அவருக்குப் புண் முழு வட்டமாக, இரைப்பை சேரும் இடம்வரை இறங்கியிருந்தது. பின்னர் நாகசாகியில் நோயாளியிடம் எடுத்த சவ்வை விமானத்தில் டோக்கியோவுக்கு அனுப்பி அங்கே வளர்த்துத் திரும்பக் கொண்டுவந்தும் செய்து பார்த்தார்கள். தூய்மை அறை, 16 நாள் காத்திருப்பு, செலவு என்று தடைகள் பல உள்ளதால், இன்று யாரும் சாதாரணமாகச் சீட்டெழுதித் தரக்கூடிய சிகிச்சையாக இது இல்லை. எனினும் மருந்தால் அடக்குவதைவிடச் சொந்தத் தோலால் மூடுவது மேலானது என்ற எண்ணத்தை நான் கைவிடவில்லை.

உடலில் கரையக்கூடிய பாலிகிளைகாலிக் அமிலத் தாளை ஃபைப்ரின் என்ற இரத்த உறைவுப் புரதத்தாலான பசையால் புண்ணின் மேல் ஒட்டும் முறையும் உண்டு. உணவு உரசி நழுவிப்போவது அதன் குறை.

எண்டோஸ்கோபி மேசை எழுதியது:

அருமையாக எழுதினீர்கள். இன்னும் ஒன்றையும் சேர்த்துவிடலாம். ஸ்டென்ட் என்ற உலோக வலைக்குழாயை வைத்து விரித்தபடியே விட்டுவிடலாமே என்று உறவினர்கள் அடிக்கடி கேட்பார்கள். இந்தப் புண்ணில் ஸ்டென்ட்டைப் பிடித்துநிறுத்தக் கட்டி எதுவும் இல்லாததால் அது கீழே நழுவும். நழுவாமல் இருந்தாலும் அதன் இரு முனைகளிலும் சதை வளர்ந்து, எடுத்தபின் அங்கே மீண்டும் சுருங்குவது உண்டு. முதல் தடுப்பாக அதை நான் வைப்பதில்லை.

இரவுப்பணி எழுதியது:

நான் இரைப்பை குடல் பிரிவில் பதினெட்டு ஆண்டுகளாகச் செவிலியாக இருக்கிறேன். டாக்டர்கள் சொன்னதைத் தாண்டி, வீட்டில் பார்க்க வேண்டியதைத் தம்பிக்குச் சொல்கிறேன். சுருக்கம் ஒரே நாளில் வருவதில்லை. முதலில் சப்பாத்தியும் இறைச்சியும் நெஞ்சில் நிற்கும். அப்பா எதுவும் சொல்ல மாட்டார், தண்ணீர் குடித்துத் தள்ளிவிடுவார். அடுத்து சோற்றுக்கு ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் தேடுவார். பிறகு இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்துக் கரைத்துக் கேட்பார். வீட்டார் "பாவம், அவருக்கு இதுதான் பிடிக்கிறது" என்று நினைப்பார்கள். அப்படி நினைத்து மூன்று வாரம் தாமதித்து வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஆகவே "விழுங்க முடிகிறதா?" என்று கேட்காதீர்கள், "முடிகிறது" என்றுதான் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு இட்லி முடிய எத்தனை நிமிடம், எத்தனை மடக்குத் தண்ணீர் என்று நாள்தோறும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை எடையும் பாருங்கள்.

முதல் நாட்களில் மருத்துவமனையில் சொல்லும் வரிசையில்தான் உணவு: தெளிந்த நீராகாரம், பிறகு கஞ்சி, பிறகு குழைந்த சோறு. சூடான காபியும் காரமும் புண்ணுக்கு ஆகாது. வலி மாத்திரையைச் சொந்தமாக வாங்கிப் போடக் கூடாது. பலூன் வைத்த நாளில் வீடு திரும்பியபின் நெஞ்சுவலி கூடிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, கழுத்துத் தோலை அழுத்தும்போது நெறுநெறுவென்று காற்று இருப்பதுபோல் தெரிந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே அவசரப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும். ஸ்டீராய்டு பெற்ற சுவர் மெலிந்திருக்கும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பொருநைக்கரை எழுதியது:

அக்கா, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நோட்டு வாங்கிவிட்டார். நேற்று மருத்துவரைச் சந்தித்து, புண் சுற்றளவில் எவ்வளவு இருக்கும், மிஞ்சும் கீற்று எவ்வளவு, உரித்த அமர்விலேயே ஊசி போட முடியுமா, முதல் மறுபரிசோதனை எந்த நாள், காசநோய்க்கும் ஹெபடைடிஸுக்கும் முன்பரிசோதனை உண்டா என்று எழுதிக்கொண்டு போய்க் கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. ஊசி போடும் எண்ணம் தமக்கும் இருந்ததாகவும், கேட்காததால் விளக்கவில்லை என்றும் சொன்னார். சர்க்கரை மருத்துவரையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். இரண்டாம் வாரம் வலியில்லாவிட்டாலும் எண்டோஸ்கோபி செய்து பார்ப்பதாக முடிவாயிற்று.

எண்டோஸ்கோபி மேசை எழுதியது:

நல்லது. அந்த இரண்டாம் வார நாளை விட்டுவிடாதீர்கள். அறிகுறி வந்தபின் பார்ப்பதற்கும், குழாய் வழியாகக் கருவி இன்னும் இறங்கும்போதே பார்ப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

பொருநைக்கரை எழுதியது:

பத்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். உரிப்பு மூன்றரை மணி நேரம் நடந்தது. ஒரே துண்டாக எடுத்தார்கள். அதே அமர்வில் டிரையம்சினோலோன் ஊசியும் போட்டார்கள். இரண்டு நாட்கள் சர்க்கரை 300ஐத் தாண்டியது, இன்சுலினால் இறக்கினார்கள். திசுப் பரிசோதனையில் புற்று இரண்டாவது அடுக்கோடு நின்றிருக்கிறது. ஓரங்கள் தெளிவு, இரத்தக் குழாய்களிலும் நிணநீர்க் குழாய்களிலும் புற்று இல்லை.

இரண்டாம் வாரம் கருவி தடையின்றி இறங்கியது. நான்காம் வாரம் அம்மாவின் நோட்டில் ஓர் இட்லிக்கு 9 நிமிடம் என்றிருந்தது 17 ஆயிற்று. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நோட்டைப் பார்த்துவிட்டு அன்றே அழைத்துச் சென்றோம். குழாய் சற்றுக் குறுகியிருந்தது, கருவியைச் சற்று அழுத்தித்தான் இறக்க முடிந்தது. 12 மி.மீ. தொடங்கி 15 வரை பலூன் வைத்தார்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. அதன்பின் தேவைப்படவில்லை. ஒன்பதாம் வாரம் பார்த்தபோது புண் முழுதும் மூடி, வெளிறிய தழும்பு மட்டும் தெரிந்ததைத் திரையில் எங்களுக்கும் காட்டினார்கள். முன்பு நிறம் ஏறாமல் நின்ற இடத்தைச் சுற்றிலும் மீண்டும் அயோடின் தெளித்துப் பார்க்க ஆறாம் மாதத்தில் நாள் குறித்திருக்கிறார்கள்.

இன்று காலை அப்பா தோசை சாப்பிட்டார். அம்மா நேரத்தைக் குறித்துக்கொண்டிருக்கிறார்.